ஃபங்ஷன் பாயின்டரை ஜிடிபியில் சரியாகப் படிப்பது எப்படி? ஆர்ம், பவர், ஏவிஆர் முதல் வெப்அசெம்ப்ளி வரை முழுமையான வழிகாட்டி

ஃபங்ஷன் பாயின்டர் என்றால் ஒரு ஃபங்ஷனின் முகவரி. சி மொழிப் பாடத்தில் இப்படித்தான் படித்திருப்போம். எக்ஸ்86 கணினியில் மட்டும் வேலை செய்கிறவருக்கு இது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பாயின்டரில் 401136 இருந்தால், அந்த ஃபங்ஷனின் முதல் இன்ஸ்ட்ரக்ஷனும் 401136-ல்தான் இருக்கும்.

வேறு பிராசசருக்குப் போனால் இந்தப் பாடம் கைவிட்டுவிடும். ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சில்லில் ஃபங்ஷன் 8000450-ல் இருக்கும், பாயின்டரில் 8000451 இருக்கும். பழைய 64-பிட் பவர் லினக்ஸில் பாயின்டர் காட்டும் இடத்தில் இன்ஸ்ட்ரக்ஷனே இருக்காது, மூன்று எண்கள் கொண்ட ஒரு சிறு அட்டவணைதான் இருக்கும். ஏவிஆரில் பாயின்டரின் எண் உண்மையான பைட் முகவரியில் சரிபாதி. வெப்அசெம்ப்ளியில் அது முகவரியே அல்ல, ஒரு வரிசை எண்.

பாயின்டரில் இருக்கும் எண்ணும், முதல் இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கும் இடமும் இரண்டு தனி விஷயங்கள். ஜிடிபி போன்ற டீபக்கர் (ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவி) இரண்டையும் இணைத்துக் காட்டும், ஆனால் எல்லாக் கட்டளையிலும் அல்ல. எந்தக் கட்டளையில் மாற்றுகிறது, எதில் மாற்றாமல் விடுகிறது என்று தெரியாததால்தான் பிரேக்பாயின்ட் நிற்காமல் போகிறது, நன்றாக ஓடிய நிரல் டீபக்கர் கை வைத்த பிறகு விழுகிறது.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளையும் ரெஜிஸ்டர் பெயர்களையும் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். முகவரிகள் எல்லாம் ஹெக்ஸாடெசிமல், முன்னொட்டு இல்லாமல். எடுத்துக்காட்டுகளில் ஃபங்ஷனின் பெயர் ஃபூ, பாயின்டரின் பெயர் எஃப்பி.

ஜிடிபிக்குள் நடக்கும் மூன்று மாற்றங்கள்

ஜிடிபி ஒவ்வொரு பிராசசருக்கும் ஒரு விவரத் தொகுப்பு வைத்திருக்கிறது. மூல நிரலில் அதன் பெயர் ஜிடிபிஆர்ச். ஃபங்ஷன் பாயின்டரைப் பொறுத்தவரை அதில் மூன்று கொக்கிகள் முக்கியம்.

முதலாவது, பாயின்டர்_டு_அட்ரஸ். நினைவகத்தில் இருக்கும் பிட்களை ஜிடிபியின் உள்முகவரியாக மாற்றுவது இதன் வேலை. பெரும்பாலான பிராசசர்களில் எண் அப்படியே வரும். ஏவிஆரில் மட்டும் கோட் பாயின்டர் என்றால் இரண்டால் பெருக்கப்படும்.

இரண்டாவது, கன்வர்ட்_ஃப்ரம்_ஃபங்க்_பிடிஆர்_அட்ரஸ். பாயின்டர் ஒரு டிஸ்கிரிப்டரை, அதாவது மேலே சொன்ன சிறு அட்டவணையை, காட்டினால், அதைத் திறந்து உள்ளே இருக்கும் கோட் முகவரியை எடுத்துத் தரும். பவர் ஈஎல்எஃப் வி1 (பழைய 64-பிட் பவர் லினக்ஸ்), ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்), ஐஏ-64 (இட்டானியம்), எச்பி-பிஏ ஆகியவை இதை நம்பியிருக்கின்றன.

மூன்றாவது, அட்ரஸ்_பிட்ஸ்_ரிமூவ். முகவரியோடு ஒட்டிக்கொண்டு வரும் கொடி பிட்களை இது நீக்கும். ஆர்மில் தம்ப் பயன்முறையைக் குறிக்கும் தம்ப் பிட், 31-பிட் எஸ்390-ன் உச்சி பிட் எல்லாம் இதன் பொறுப்பு.

எந்தக் கட்டளை எந்தக் கொக்கியைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தே கீழே உள்ள ஒவ்வொரு படியும் அமைகிறது.

படி 1: எந்த ஏபிஐ என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஏபிஐ என்பது, கம்பைல் ஆன நிரல் துண்டுகள் ஒன்றையொன்று அழைக்கும் விதிகளின் தொகுப்பு. பிராசசரின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. 64-பிட் பவரில் ஈஎல்எஃப் வி1, ஈஎல்எஃப் வி2 என்று இரண்டு ஏபிஐ உண்டு, இரண்டிலும் பாயின்டருக்குப் பொருள் வேறு. எக்சிகியூட்டபிள் கோப்பின் விவரம் காட்டும் ரீட்எல்ஃப் கருவியை -எச் கொடுத்து ஓட்டி, ஃபிளாக்ஸ் வரியைப் பாருங்கள். ஏபிஐவி1 அல்லது ஏபிஐவி2 என்று அங்கேயே எழுதியிருக்கும். ஜிடிபிக்குள் வந்த பிறகு,

ஷோ ஆர்க்கிடெக்சர்

என்று கேட்டு, டீபக்கர் நினைத்திருப்பதும் கோப்பு சொல்வதும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். ரிமோட்டில் இணையும்போது எக்சிகியூட்டபிள் கோப்பைக் கொடுக்க மறந்தால் ஜிடிபி தவறான ஆர்க்கிடெக்சரை எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது பின்னால் வரும் எந்தப் படியும் நம்பத்தக்கதல்ல.

படி 2: மாற்றம் இல்லாத பிட்களைப் பாருங்கள்

பாயின்டரின் உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் மதிப்பைக் கேட்காதீர்கள், அது உட்கார்ந்திருக்கும் நினைவகத்தைக் கேளுங்கள். 64-பிட்டில்

எக்ஸ்/ஜிஎக்ஸ் &எஃப்பி

என்றும், 32-பிட்டில் ஜி-க்குப் பதில் டபிள்யூ, ஏவிஆரில் எச் என்றும் அடியுங்கள். பைட் வரிசை பற்றிக் கவலை வேண்டாம், அளவைச் சரியாகக் கொடுத்தால் ஜிடிபி டார்கெட்டின் வரிசைப்படியே படித்துத் தரும்.

பாயின்டரை முழு எண்ணாகக் காஸ்ட் செய்தாலும் இதே பிட்கள்தான் வரும். காஸ்ட் செய்யும்போது முகவரி மாற்றம் கூடாது, கம்பைலர் பார்ப்பது போல வெறும் பிட்களாகவே பார்க்க வேண்டும் என்பது ஜிடிபி தெரிந்தே எடுத்த முடிவு. அதனால் ஏவிஆரில் பிரிண்ட் எஃப்பி ஓர் எண்ணும், அதையே அன்சைன்டாகக் காஸ்ட் செய்தால் இன்னோர் எண்ணும் காட்டும். இரண்டுமே சரிதான்.

படி 3: இரண்டு விதமாக அச்சிட்டு ஒப்பிடுங்கள்

பிரிண்ட் எஃப்பி
பிரிண்ட் *எஃப்பி

முதலாவது பாயின்டரைக் காட்டும். இரண்டாவது, பாயின்டர் போய்ச் சேரும் ஃபங்ஷனைக் காட்டும். நட்சத்திரம் போட்டால் ஜிடிபி டிஸ்கிரிப்டர் மாற்றத்தைச் செய்துவிட்டுத்தான் பதில் சொல்லும். டிஸ்கிரிப்டர் உள்ள பிராசசரில் முதல் கட்டளையின் விடை இப்படி வரும்:

(இன்ட் (*)(இன்ட்)) @10020018: 10000650 <ஃபூ>

அந்த @ குறி வந்தாலே விஷயம் தெரிந்துவிடும். குறிக்குப் பின் வருவது டிஸ்கிரிப்டரின் இடம், அடுத்து வருவது கோட் இருக்கும் இடம். @ இல்லாமல் ஒரே எண் வந்தால் இரண்டில் ஒன்று: இந்த ஏபிஐயில் டிஸ்கிரிப்டர் கிடையாது, அல்லது இருந்தும் ஜிடிபியால் அதை அடையாளம் காண முடியவில்லை.

டீபக் தகவல் இல்லாத நிரலில், பாயின்டரின் வகை தெரியவில்லை, காஸ்ட் செய் என்று ஜிடிபி மறுக்கும். அங்கே லாங் என்று காஸ்ட் செய்தால் எல்லா மாற்றமும் போய்விடும். ஃபங்ஷன் பாயின்டர் வகைக்கே காஸ்ட் செய்யுங்கள். வகை சரியாக இருந்தால்தான் கொக்கிகள் வேலை செய்யும்.

படி 4: பிரேக்பாயின்ட் வைக்கும்போது இரட்டை நட்சத்திரம்

பாயின்டர் வழியாக பிரேக்பாயின்ட் வைக்கப் பலரும்

பிரேக் *எஃப்பி

என்று அடிப்பார்கள். இங்குள்ள நட்சத்திரம் சி மொழியின் நட்சத்திரம் அல்ல. இனி வருவது முகவரி என்று பிரேக் கட்டளைக்குச் சொல்லும் குறி. ஆக, பாயின்டரின் மதிப்பே முகவரியாகிவிடும். எக்ஸ்86-இலும் தம்பிலும் ஏவிஆரிலும் இதனால் கெடுதல் இல்லை. டிஸ்கிரிப்டர் உள்ள இடத்தில் பிரேக்பாயின்ட் டிஸ்கிரிப்டரின் மேலேயே போய் விழும். மென்பொருள் பிரேக்பாயின்ட் என்பது நினைவகத்தில் ஒரு ட்ராப் இன்ஸ்ட்ரக்ஷனை எழுதி வைப்பது. அது டிஸ்கிரிப்டரின் முதல் நான்கு பைட்களை அழித்துவிடும். அடுத்த முறை அந்தப் பாயின்டர் வழியாக அழைத்ததும் நிரல் எங்கேயோ தாவி விழும். பழியோ நிரலின் மேல் விழும்.

இதற்குப் பதிலாக,

பிரேக் **எஃப்பி

என்று பழகிக்கொள்ளுங்கள். இரண்டாவது நட்சத்திரம் சி மொழியின் நட்சத்திரம், டிஸ்கிரிப்டரைத் திறந்துவிட்டே போகும். எந்தப் பிராசசரிலும் இதனால் பாதகம் இல்லை.

படி 5: ஒப்பிடுவதும் மாற்றுவதும்

மேலே சொன்னவற்றைவிட அதிகம் பேர் விழும் குழி இதுதான். தம்ப் டார்கெட்டில் இப்படி ஒரு நிபந்தனை வைக்கிறீர்கள்:

பிரேக் டிஸ்பேட்ச் இஃப் எஃப்பி == ஃபூ

நிரல் நிற்கவே நிற்காது. இடது பக்கம் 8000451. வலது பக்கம் ஜிடிபி தன் சிம்பல் அட்டவணையிலிருந்து எடுக்கும் 8000450. சி நிரலுக்குள் இதே ஒப்பீடு உண்மையாக இருக்கும், டீபக்கருக்குள் பொய்யாகிவிடும். டிஸ்கிரிப்டர் உள்ள பவரிலும் இதே கதைதான்: ஒரு பக்கம் டிஸ்கிரிப்டர், மறுபக்கம் கோட் முகவரி. நிபந்தனையில் ஃபங்ஷன் பெயரைப் போடாமல், படி 2-ல் கிடைத்த பிட்களோடு ஒப்பிடுங்கள்.

எழுதுவது இதைவிட ஆபத்தானது.

செட் வார் எஃப்பி = ஃபூ

என்றால் தம்பில் இரட்டைப்படை எண் போய் உட்காரும். அடுத்த அழைப்பில் பிராசசர் ஆர்ம் பயன்முறைக்கு மாற முயலும். கார்டெக்ஸ்-எம்மில் அந்தப் பயன்முறையே இல்லாததால் உடனே ஃபால்ட். பவர் வி1-ல் டிஸ்கிரிப்டர் இருக்க வேண்டிய இடத்தில் கோட் முகவரி போய்விடும், பிராசசர் இன்ஸ்ட்ரக்ஷன்களையே முகவரியாகப் படித்துத் தாவும். நிரலில் ஏற்கெனவே அதே ஃபங்ஷனைச் சரியாகக் காட்டும் இன்னொரு பாயின்டர் இருந்தால் அதிலிருந்து நகலெடுங்கள். இல்லையென்றால் தம்பில் ஒன்றைக் கூட்டியும், வி1-ல் டிஸ்கிரிப்டரின் முகவரியைக் கொடுத்தும் எழுதுங்கள். எழுதியவுடன் படி 2-ஐ மறுபடி செய்து பாருங்கள்.

படி 6: அழைப்பது வேறு, தாவுவது வேறு

கால் எஃப்பி(5) என்று ஜிடிபிக்குள்ளிருந்தே ஃபங்ஷனை அழைக்கலாம். இதில் ஜிடிபி ஏபிஐயின் சடங்குகளை எல்லாம் செய்கிறது. பவர் வி1-ல் டிஸ்கிரிப்டரிலிருந்து டிஓசி (குளோபல் தரவை எட்ட உதவும் அட்டவணை) மதிப்பை எடுத்து ஆர்2-வில் வைக்கும். வி2-ல் ஃபங்ஷன் முகவரியை ஆர்12-லும் வைக்கும். மிப்ஸில் அதையே டி9-ல் வைக்கும். ஐஏ-64-ல் ஃபங்ஷனுக்கு டிஸ்கிரிப்டர் கிடைக்காவிட்டால் ஸ்டாக்கிலேயே 16 பைட்டில் ஒன்றை உருவாக்கிக் கொடுக்கும்.

ஜம்ப் கட்டளை இதில் எதையும் செய்யாது, பிசியை (அடுத்து ஓடும் இன்ஸ்ட்ரக்ஷனின் முகவரி உள்ள ரெஜிஸ்டரை) மட்டும் மாற்றும். மிப்ஸில் பிஐசி கோட் (எந்த முகவரியில் ஏற்றினாலும் ஓடும் கோட்) தன் குளோபல் பாயின்டரை டி9-ஐ வைத்தே கணக்கிடுகிறது. ஜம்ப் செய்தால் டி9-ல் பழைய மதிப்பு இருக்கும், குளோபல் மாறியைத் தொடும் முதல் இன்ஸ்ட்ரக்ஷனிலேயே நிரல் விழும். வேறு வழியில்லாமல் ஜம்ப் செய்ய நேர்ந்தால், அந்த ரெஜிஸ்டரை முன்பே செட் செய்துவிட்டுச் செய்யுங்கள்.

படி 7: சந்தேகம் தீராவிட்டால் அழைப்பின் வாசலில் நில்லுங்கள்

மறைமுக அழைப்பைச் செய்யும் இன்ஸ்ட்ரக்ஷனிலேயே நின்று, அது படிக்கும் ரெஜிஸ்டரைப் பார்ப்பதே முடிவான சாட்சி. எக்ஸ்/ஐ $பிசி அடித்து, பவரில் பிசிடிஆர்எல், ஆர்மில் பிஎல்எக்ஸ், ஏவிஆரில் ஐகால், எக்ஸ்86-ல் நட்சத்திரத்தோடு கூடிய கால் வரும் வரை ஸ்டெப்ஐ செய்யுங்கள். பவரில் சிடிஆர் ரெஜிஸ்டரில் அசல் கோட் முகவரி இருக்கும். ஆர்மில் அழைப்புக்கான ரெஜிஸ்டர் ஒற்றைப்படையாக இருந்தால் போகுமிடம் தம்ப். ஏவிஆரில் ஆர்30, ஆர்31 இணைந்த இசட் ரெஜிஸ்டரில் வேர்ட் முகவரி இருக்கும். பிறகு ஒரே ஒரு ஸ்டெப்ஐ, பிசி எங்கே போனது என்று பாருங்கள். அங்கே ஊகத்துக்கு வேலையில்லை.

பவர், ஈஎல்எஃப் வி1

இங்கே டிஸ்கிரிப்டர் 24 பைட். அதை நேரடியாகத் திறந்து பார்க்கலாம்:

எக்ஸ்/3ஜிஎக்ஸ் எஃப்பி

10020018: 10000650 10028900 0

முதல் எட்டு பைட் கோட் தொடங்கும் இடம். அடுத்த எட்டு, அந்த ஃபங்ஷன் இருக்கும் மாட்யூலின் டிஓசி அடித்தளம், அழைக்கும்போது ஆர்2-வில் ஏறுவது இதுதான். டிஓசி தொடங்கும் இடத்திலிருந்து 8000 தள்ளியே ஆர்2 வைக்கப்படுவதால், இந்த எடுத்துக்காட்டில் டிஓசி 10020900-ல் தொடங்குகிறது. மூன்றாவது எட்டு சூழல் பாயின்டர், ஆர்11-க்குப் போகும். சி அதைப் பயன்படுத்துவதில்லை, அதனால் சுழியம்.

டிஸ்கிரிப்டர்கள் .ஓபிடி என்ற செக்ஷனில் வாழ்கின்றன. முகவரி அந்தச் செக்ஷனுக்குள் இருந்தால் மட்டுமே ஜிடிபி அதை டிஸ்கிரிப்டராக நடத்தும். உள்ளே இருக்கும் மதிப்பை அது ஓடும் நிரலின் நினைவகத்திலிருந்து எடுப்பதில்லை, கோப்பிலிருந்தே படித்து, மாட்யூல் ஏறிய இடத்துக்கேற்ற தூரத்தைத் தானே கூட்டிக்கொள்கிறது. டிஎல்ஓபன் செய்து லைப்ரரி ஏறிய அந்தக் கணத்தில், டைனமிக் லிங்கர் ரீலொகேஷனைச் செய்து முடிக்கும் முன்பே ஜிடிபி இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டி வரலாம். நினைவகத்தை நம்பினால் அப்போது அரைவேக்காட்டு எண்தான் கிடைக்கும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நிரல் ஓடும்போது தானே உருவாக்கும் டிஸ்கிரிப்டர்கள், ஜேஐடி (ஓடும்போதே கோட் தயாரிக்கும் கம்பைலர்) உருவாக்குபவை போன்றவை, .ஓபிடிக்கு வெளியே இருக்கும். அவற்றுக்கு ஜிடிபி @ காட்டாது. அந்த இடத்தில் எக்ஸ்/3ஜிஎக்ஸ் போட்டு நீங்களே திறந்துகொள்ள வேண்டும். சிதைந்த கோர் கோப்பை, பொருந்தும் எக்சிகியூட்டபிள் இல்லாமல் திறந்தாலும் இதே நிலைதான்.

ஏஐஎக்ஸில் ஜிடிபி செக்ஷன் பெயரைப் பார்ப்பதில்லை. பாயின்டர் காட்டும் இடம் ஓடக்கூடிய செக்ஷனாக இல்லாமலும், அதற்குள் இருக்கும் முகவரி ஓடக்கூடிய செக்ஷனிலும் இருந்தால் டிஸ்கிரிப்டர் என்று முடிவு செய்கிறது. 32-பிட் ஏஐஎக்ஸில் டிஸ்கிரிப்டர் 12 பைட்.

பவர், ஈஎல்எஃப் வி2

லிட்டில் எண்டியன் பவர் லினக்ஸ் முழுவதும் இதுதான். டிஸ்கிரிப்டர் போய்விட்டது, பாயின்டரில் கோட் முகவரியே இருக்கிறது. அதனால் சிக்கல் தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு ஃபங்ஷனுக்கு இங்கே இரண்டு வாசல்.

முதல் வாசல் குளோபல். வெளியிலிருந்தும் பாயின்டர் வழியாகவும் வருபவர்கள் இதில் நுழைவார்கள். ஆர்12-ல் இருக்கும் முகவரியை வைத்து ஆர்2-வைக் கணக்கிடும் இரண்டு இன்ஸ்ட்ரக்ஷன்கள், அதாவது 8 பைட், இங்கே இருக்கும். இரண்டாவது வாசல் லோக்கல். ஒரே மாட்யூலுக்குள் நேரடியாக அழைப்பவர்களின் ஆர்2 ஏற்கெனவே சரியாக இருப்பதால், அவர்கள் அந்த 8 பைட்டைத் தாண்டி நேராக இங்கே வந்துவிடுவார்கள். ரீட்எல்ஃப் -எஸ் ஓட்டினால் சிம்பலின் பக்கத்தில் லோக்கல்என்ட்ரி: 8 என்று போட்டிருக்கும்.

பிரேக் ஃபூ என்றால் ஜிடிபி லோக்கல் வாசலையும் அதற்கு அப்பாலும்தான் பார்க்கும், யார் வந்தாலும் நிற்கும். பிரேக் *எஃப்பி என்றோ பிரேக் **எஃப்பி என்றோ போட்டால் குளோபல் வாசலில் போய் உட்காரும். பாயின்டர் வழி அழைப்பு நிற்கும், நேரடி அழைப்பு தாண்டிப் போய்விடும். பத்து முறை ஓடிய ஃபங்ஷன் இரண்டு முறை மட்டும் நிற்கிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். எல்லா அழைப்பும் வேண்டுமானால் பெயரைக் கொண்டே வையுங்கள். பாயின்டர் வழி வரும் அழைப்புகளை மட்டும் பிடிக்க வேண்டும் என்றால், இந்தக் குறையே ஒரு நல்ல கருவி.

ஆர்ம், தம்ப்

கடைசி பிட் 1 என்றால் தம்ப், 0 என்றால் ஆர்ம். முகவரியோடு பயன்முறையையும் ஒரே எண்ணில் சுமக்கும் ஏற்பாடு இது. ஃபங்ஷனின் முகவரியை ரீட்எல்ஃபில் பார்த்தால் ஒற்றைப்படையாகவும், சிம்பல்களைப் பட்டியலிடும் என்எம் கருவியில் பார்த்தால் இரட்டைப்படையாகவும் தெரியும். என்எம் அந்தப் பிட்டை உரித்துவிட்டுக் காட்டுகிறது. இரண்டு வெளியீட்டையும் பக்கத்தில் வைத்துக் குழம்ப வேண்டாம்.

பிரிண்ட் எஃப்பி போட்டால் எண் 8000451 என்றே வரும், பக்கத்தில் <ஃபூ> என்று சுத்தமாகப் பெயர் இருக்கும். பெயரைத் தேடும்போது மட்டும் ஜிடிபி பிட்டை நீக்குகிறது. வேறு கட்டளைகளில் ஃபூ + 1 என்று வந்தாலும் அது தவறான முகவரி அல்ல.

பிரேக்பாயின்ட் வைக்கும்போது, இந்த இடம் தம்பா ஆர்மா என்று ஜிடிபி தீர்மானித்தாக வேண்டும். ட்ராப் இன்ஸ்ட்ரக்ஷனின் நீளமும் வடிவமும் அதைப் பொறுத்தது. முகவரியின் கடைசி பிட், $டி, $ஏ என்ற மேப்பிங் சிம்பல்கள், சிம்பலின் கொடி ஆகியவற்றைப் பார்க்கும். எதுவும் இல்லாவிட்டால் சிபிஎஸ்ஆரின் டி பிட்டைப் பார்க்கும். சிம்பல் உரிக்கப்பட்ட நிரலில் இந்த ஊகம் தவறினால் ஆர்ம் பயன்முறைக்கான 4 பைட் ட்ராப் தம்ப் கோடுக்குள் போய் அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனையும் அழித்துவிடும். அப்படிப்பட்ட நிரலில் தொடங்கும் முன்பே

செட் ஆர்ம் ஃபால்பேக்-மோட் தம்ப்

என்று சொல்லிவிடுங்கள். முகவரியை எண்ணாகக் கொடுக்கும்போதும் ஒற்றைப்படையாகவே கொடுங்கள்.

கார்டெக்ஸ்-எம்மில் அடிக்கடி வரும் ஒரு விபத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். பூட்லோடரிலிருந்து செயலிக்குத் தாவும் நிரல். செயலியின் வெக்டர் அட்டவணையில் முதல் வேர்ட் ஸ்டாக் பாயின்டர், இரண்டாவது வேர்ட் ரீசெட் ஹேண்ட்லர். அந்த இரண்டாவது வேர்டைப் படித்து, முகவரி ஒற்றைப்படையாக இருக்கிறதே என்று நினைத்து யாரோ கடைசி பிட்டை நீக்கிவிட்டார்கள். தாவியதும் ஹார்டுஃபால்ட்.

ஹார்டுஃபால்ட் ஹேண்ட்லரின் முதல் இன்ஸ்ட்ரக்ஷனில் நிறுத்தி

எக்ஸ்/8டபிள்யூஎக்ஸ் $எஸ்பி

அடியுங்கள். ஃபால்ட் வந்தபோது நிரல் ப்ராசஸ் ஸ்டாக்கில் இருந்திருந்தால் எஸ்பிக்குப் பதிலாகப் பிஎஸ்பி. வரும் எட்டு வேர்டுகள்: ஆர்0, ஆர்1, ஆர்2, ஆர்3, ஆர்12, எல்ஆர், பிசி, எக்ஸ்பிஎஸ்ஆர். ஏழாவதில் தாவப் பார்த்த முகவரி இருக்கும். எட்டாவதில் 24-ஆவது பிட், அதாவது டி பிட், சுழியமாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஃபால்ட் நிலை ரெஜிஸ்டரில் இன்வ்ஸ்டேட் பிட், சிஎஃப்எஸ்ஆரின் 17-ஆவது பிட், ஏறியிருப்பதையும் பார்த்து உறுதி செய்யலாம். அழைத்தது யார் என்பதை ஆறாவது வேர்டான எல்ஆர் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

சி++ எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. மெம்பர் ஃபங்ஷன் பாயின்டர் இரண்டு வேர்டு கொண்டது: ஒன்று ஃபங்ஷன், மற்றொன்று திஸ் பாயின்டருக்கான திருத்தம். ஐட்டேனியம் சி++ ஏபிஐயில் வர்ச்சுவல் ஃபங்ஷன் என்பதற்கான அடையாளம் முதல் வேர்டின் கடைசி பிட். ஆர்மில் அந்தப் பிட்டைத் தம்ப் பிடித்துக்கொண்டதால், அடையாளம் இரண்டாவது வேர்டுக்கு மாறியது. ஜிடிபிக்கு இது தெரியும். எக்ஸ்86 பழக்கத்தில் கையால் பிட்டைப் பார்த்து வர்ச்சுவல் என்று முடிவு கட்டுகிறவர் ஏமாந்துபோவார்.

ஏஆர்ச்64

ஆர்ம்வி8.3-இல் பாயின்டர் ஆதென்டிகேஷன் வந்த பிறகு, முகவரியின் மேல் பிட்களில் கையொப்பம் ஏறலாம். வழக்கமான லினக்ஸில் கையொப்பம் பெறுவது திரும்பும் முகவரிகள்தான். ஜிடிபியின் பேக்ட்ரேஸில் அப்படிப்பட்ட ஃபிரேமுக்கு [பிஏசி] என்ற குறி வரும். ஆப்பிளின் ஆர்ம்64ஈ ஏபிஐயில் ஃபங்ஷன் பாயின்டர்களும் கையொப்பத்தோடுதான் உலவுகின்றன. அங்கே பயன்படும் எல்எல்டிபி டீபக்கர் மேல் பிட்களை நீக்கிவிட்டுப் பெயர் தேடும். எத்தனை பிட் முகவரி என்று அதற்குத் தெரியாவிட்டால் டார்கெட்.ப்ராசஸ்.வர்ச்சுவல்-அட்ரஸபிள்-பிட்ஸ் என்ற அமைப்பில் சொல்லிவிடலாம். ஜிடிபியில் கையால் நீக்க வேண்டுமானால் $பிஆத்_சிமாஸ்க் ரெஜிஸ்டரில் இருக்கும் மாஸ்க்கைப் பயன்படுத்துங்கள். கையொப்பம் எதிர்பார்க்கும் பாயின்டரில் வெறும் முகவரியை டீபக்கரிலிருந்து எழுதாதீர்கள், அடுத்த அழைப்பிலேயே சரிபார்ப்பு தோற்கும்.

ஏவிஆர்

ஏவிஆரில் ஃபிளாஷும் ரேமும் தனித்தனி முகவரி வெளிகள், இரண்டும் சுழியத்திலிருந்து தொடங்குகின்றன. ஜிடிபி தன் வசதிக்காக ரேம் முகவரிகளோடு 800000 கூட்டி வைத்துக்கொள்ளும். ஃபிளாஷை பிராசசர் 2 பைட் வேர்டுகளாக எண்ணுகிறது, பாயின்டரிலும் வேர்ட் எண்ணே இருக்கிறது. ஃபூ பைட் முகவரி 1240-ல் இருந்தால்:

எக்ஸ்/எச்எக்ஸ் &எஃப்பி காட்டுவது 0920
பிரிண்ட் எஃப்பி காட்டுவது 1240 <ஃபூ>

920-ஐ எடுத்து பிரேக் கட்டளைக்கு எண்ணாகக் கொடுத்தால் நிற்பது வேறு ஏதோ ஃபங்ஷனின் நடுவில். காஸ்ட் செய்த மதிப்பைக் கொடுத்தாலும் அப்படித்தான்.

ஏடிமெகா2560-ல், அதாவது ஆர்டுயினோ மெகா பலகையில், இன்னொரு திருப்பம். ஃபிளாஷ் 256 கிலோபைட், பாயின்டரோ 16 பிட். 16 பிட் வேர்ட் எண்ணால் 128 கிலோபைட் வரைதான் எட்ட முடியும். ஃபூ 24680-ல் இருந்தால் அதன் வேர்ட் எண் 12340, அது 16 பிட்டில் அடங்காது. அதனால் லிங்கர் கீழ்ப்பகுதியில் .ட்ராம்போலைன்ஸ் என்ற செக்ஷனில் ஒரு சிறு ஜம்ப் இன்ஸ்ட்ரக்ஷனை வைத்து, அதன் முகவரியைப் பாயின்டருக்குக் கொடுக்கிறது. பிரிண்ட் எஃப்பி போட்டால் எதிர்பார்த்த பெயர் வராது. எக்ஸ்/ஐ எஃப்பி போட்டால்

ஜேஎம்பி 24680

என்று உண்மை வெளியே வரும். பாயின்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நாள் கணக்கில் தேடுவதற்கு முன் இந்த ஒரு வரியை அடித்துப் பாருங்கள்.

எக்ஸ்86

இங்கே பாயின்டர் நேரானதுதான், ஆனால் இரண்டு இடத்தில் தடுமாற்றம் வரும். பிஐஇ அல்லாத, அதாவது நிலையான முகவரியில் ஏறும் எக்சிகியூட்டபிளில் லைப்ரரி ஃபங்ஷனின் முகவரியை எடுத்தால், பிஎல்டியில் (லைப்ரரி ஃபங்ஷனுக்குத் தாவ வைக்கும் சிறு கோட் துண்டுகளின் பகுதி) இருக்கும் துண்டின் முகவரி கிடைக்கலாம், <புட்ஸ்@பிஎல்டி> என்று ஜிடிபி காட்டும். எல்லா மாட்யூலுக்கும் ஒரே மதிப்பு தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மற்றொன்று ஐஃபங்க்: ஜிலிப்சியின் எஸ்டிஆர்லென் போன்றவற்றில் அந்தப் பெயரில் இருப்பது, பிராசசருக்கேற்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்துத் தரும் ஃபங்ஷன். உண்மையில் ஓடுவது வேறு பெயரில் இருக்கும்.

அரிதாக எதிர்ப்படுபவை

ஐஏ-64-ல் டிஸ்கிரிப்டர் 16 பைட்: கோட் முகவரியும் ஜிபி என்ற குளோபல் பாயின்டரும். அங்கே சி++ விடேபிளுக்குள்ளும் முகவரிக்குப் பதிலாக டிஸ்கிரிப்டர்களே பதிந்திருக்கும், ஜிடிபி அதையும் அடையாளம் காணும். 32-பிட் எச்பி-பிஏவில் பாயின்டரின் கடைசிக்கு முந்தைய பிட் 1 என்றால் அது டிஸ்கிரிப்டர், 0 என்றால் நேரடி கோட் முகவரி. கடைசி இரண்டு பிட்டையும் நீக்கிவிட்டு உள்ளே படிக்க வேண்டும்.

வெப்அசெம்ப்ளியில் ஃபங்ஷன் பாயின்டர் 1, 2, 3 என்று சிறு எண்ணாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது டேபிளில் எத்தனையாவது இடம் என்பதற்கான எண். நல் பாயின்டருக்காகச் சுழியத்தைக் கம்பைலர் காலியாக விடுகிறது. கால்_இன்டைரக்ட் ஓடும்போது ஃபங்ஷனின் வகையும் சரிபார்க்கப்படும். பாயின்டர் சரியாக இருந்தும் ட்ராப் வந்தால், தவறான வகைக்குக் காஸ்ட் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எக்ஸ்86-ல் சத்தமில்லாமல் ஓடிய காஸ்ட் இங்கே விழும்.

சொந்தக் கணினியில் பழகிப் பார்க்க

பவர் இயந்திரம் கையில் இல்லை என்பது தடை அல்ல. டெபியன் அல்லது உபுண்டுவில் ஜிடிபி-மல்ட்டிஆர்ச், க்யூஎமு-யூசர், பவர்பிசி64-க்கான கிராஸ் ஜிசிசி மூன்றையும் நிறுவுங்கள். பிக் எண்டியன் கம்பைலரையே எடுங்கள், லிட்டில் எண்டியனில் டிஸ்கிரிப்டர் கிடைக்காது. பத்து வரியில் ஒரு நிரல் எழுதி, -ஜி -ஸ்டாட்டிக் கொடுத்து கம்பைல் செய்யுங்கள். ஒரு டெர்மினலில்

க்யூஎமு-பிபிசி64 -ஜி 1234 ./சோதனை

ஓட்டி, இன்னொன்றில் ஜிடிபி-மல்ட்டிஆர்ச்சுக்கு அதே கோப்பைக் கொடுத்துத் திறந்து,

டார்கெட் ரிமோட் :1234

என்று இணையுங்கள். மெயினில் நிறுத்தி, பாயின்டருக்கு மதிப்பு ஏறும் வரி தாண்டியதும் படி 2, படி 3 இரண்டையும் செய்து பாருங்கள். @ குறி கண்ணுக்குத் தெரியும். அடுத்து, ஏற்கெனவே சொன்ன தவறையும் வேண்டுமென்றே செய்து பாருங்கள்: பிரேக் *எஃப்பி வைத்து, கன்டின்யூ கொடுங்கள். பிரேக்பாயின்ட் எந்த முகவரியில் வைக்கப்பட்டது என்று ஜிடிபி சொல்லும் வரியில் 10020018 போன்ற எண்ணைப் பார்ப்பீர்கள், ஃபூ இருக்கும் 10000650-ஐ அல்ல. அதே நிரலை ஆர்ம் கிராஸ் ஜிசிசியில் -எம்தம்ப் கொடுத்துக் கட்டி, படி 5-இன் ஒப்பீட்டையும் சோதிக்கலாம். அரை மணி நேர வேலைதான்.